கலெக்டரம்மாவின் இலக்கணம்

திங்கட்கிழமை காலை. தருமபுரி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள், மனு எழுதித் தருபவரைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். பட்டா, முதியோர் ஓய்வூதியம், குடிநீர், பாதைத் தகராறு என்று ஆளுக்கொரு குறை. மனுவின் தலைப்பகுதி மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். முதலில் 'அனுப்புநர்', பெயர், ஊர். அதன் கீழே 'பெறுநர்', 'மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், தருமபுரி'. அதுவரை பேனா தடையில்லாமல் ஓடும். அடுத்தது விளிக்க வேண்டிய இடம். அங்கே எழுதுபவர் ஒரு நொடி நிற்பார். 'ஐயா' என்று போடுவதா, 'அம்மா' என்று போடுவதா?

அந்த ஒரு நொடியைக் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். அனுப்புநர், பெறுநர், ஆட்சி, தலைவர், அவர்கள் என்று இத்தனை சொற்களைத் தாண்டி வந்தாயிற்று. எதிரே நாற்காலியில் இருப்பவர் ஆணா பெண்ணா என்று அவற்றில் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

2018 முதல் 2025 தொடக்கம் வரை அந்த நாற்காலியில் மலர்விழி, கார்த்திகா, திவ்யதர்சினி, சாந்தி என்று அடுத்தடுத்து நான்கு பெண்கள் அமர்ந்தார்கள். பெண் சிசுக்கொலையைத் தடுப்பதற்காகத் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-இல் விரிவுபடுத்த வேண்டியிருந்த மாவட்டங்களுள் தருமபுரியும் ஒன்று. அப்படிப்பட்ட மண்ணில் நான்கு பெண்கள் வரிசையாக ஆட்சி செய்தது பெரிய செய்தி. ஆனால் பதவியின் பெயரில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. 'ஆட்சியர்' என்ற சொல் முன்பு எப்படி இருந்ததோ அப்படியே அவர்களுக்கும் பொருந்தியது. நமக்கு இது மூச்சு விடுவதைப் போல இயல்பாக இருக்கிறது. இத்தாலியில் பிறந்த ஒருவருக்கு இது வியப்பாக இருக்கும்.

நாற்காலிக்கும் பால் உண்டு

இத்தாலிய மொழியில் மேசை ஆண்பால், நாற்காலி பெண்பால். உயிருள்ளது, இல்லாதது என்ற கணக்கே கிடையாது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஏதோ ஒரு பாலில் போய்ச் சேர்ந்தாக வேண்டும். 'அமைச்சர் வந்தார்' என்ற சின்ன வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். அமைச்சர் ஆண் என்றால் 'இல் மினிஸ்த்ரோ எ அர்ரிவாத்தோ'. பெண் என்றால் 'லா மினிஸ்த்ரா எ அர்ரிவாத்தா'. முன்னால் நிற்கும் சுட்டுச்சொல்லிலும், பதவிப் பெயரிலும், வினையின் இறுதியிலும் என மூன்று இடங்களில் பால் தெரிகிறது. பாலைச் சொல்லாமல் நழுவ வழியே இல்லை.

டீனா அன்செல்மி 1976-இல் இத்தாலியின் முதல் பெண் அமைச்சரானார். அதன் பிறகும் நெடுங்காலம் பெண் அமைச்சர்களை 'மினிஸ்த்ரோ' என்ற ஆண்பாற் சொல்லாலேயே பலரும் குறிப்பிட்டு வந்தார்கள். 1987-இல் மொழியியலாளர் ஆல்மா சபாத்தீனி, பாலினப் பாகுபாடற்ற இத்தாலியனுக்கான பரிந்துரைகளை எழுதினார். அரசு அவற்றை வெளியிட்டது. அமைச்சர், வழக்கறிஞர், பொறியாளர் என்ற பதவிகளில் பெண் இருந்தால் பெண்பால் வடிவத்தையே பயன்படுத்த வேண்டும் என்பது அவர் வாதம். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. 2021-இல் சான் ரெமோ இசை விழா மேடையில் பெயாத்ரிச்சே வெனேசி, தன்னை இசைக்குழு இயக்குநர் என்பதன் ஆண்பால் வடிவத்தாலேயே அழைக்க வேண்டும் என்றார். 2022-இல் நாட்டின் முதல் பெண் பிரதமரான ஜியோர்ஜா மெலோனியும் தன் பதவிப் பெயருக்கு முன்னால் ஆண்பால் சுட்டுச்சொல்லையே வைத்துக்கொண்டார்.

இவர்கள் ஏன் பெண்பால் வடிவத்தை ஒதுக்க வேண்டும்? விடை அந்த மொழியின் பழைய இணைகளில் இருக்கிறது. 'மயேஸ்த்ரோ' என்றால் இசை மேதை. அதன் பெண்பாலான 'மயேஸ்த்ரா' என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் தொடக்கப் பள்ளி ஆசிரியை. 'செக்ரெத்தாரியோ' கட்சியின் பொதுச் செயலாளராக இருக்கலாம். 'செக்ரெத்தாரியா' அலுவலகத்தில் கடிதம் தட்டச்சு செய்பவர். தையல்காரி, செவிலி, ஆலைத் தொழிலாளி ஆகியோருக்குப் பெண்பால் வடிவங்கள் எப்போதோ வந்துவிட்டன. அவற்றை யாரும் எதிர்க்கவில்லை. அமைச்சர், பொறியாளர், வழக்கறிஞர் என்று வரும்போதுதான் 'காதுக்கு ஒவ்வவில்லை' என்ற முணுமுணுப்பு எழுந்தது. இலக்கணம் எல்லாச் சொல்லுக்கும் ஒரே கதவைத்தான் திறந்து வைத்திருந்தது. சம்பளம் உயர்ந்த இடத்தில் மட்டும் கதவு இறுகிப்போனது.

ன், ள், ர்

தமிழின் கணக்கு வேறு. நமக்கு மேசையும் நாற்காலியும் அஃறிணை. பால் என்பது பொருளைப் பொறுத்தது. உயர்திணையில் ன் என்று முடிந்தால் ஆண்பால், ள் என்று முடிந்தால் பெண்பால், ர் என்று முடிந்தால் பலர்பால். அவன், அவள், அவர். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே இந்தப் பகுப்பு வந்துவிடுகிறது. 'பலர்' என்ற கூட்டத்துக்குள் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. ஆகவே ர் இருபாலுக்கும் பொது.

இந்த ர் ஒருவருக்கு மரியாதை காட்டும் குறியாக மாறியதுதான் பெரிய திருப்பம். ஒரே ஆளைப் பலராக நினைத்துப் பேசுவது அவரைப் பெருமைப்படுத்துவதாகும். தொல்காப்பியர் இதையும் கவனித்திருக்கிறார். ஒருவரைப் பன்மையில் குறிப்பது உலக வழக்கில் உள்ள உயர்வுச் சொல்தான், இலக்கண முறைப்படி அமைந்தது ஆகாது என்று ஒதுக்கிச் சொல்கிறார். அவர் ஓரமாக வைத்த அந்த வழக்கின் மேல்தான் இன்றைய அலுவலகத் தமிழ் முழுவதும் நிற்கிறது. ஆட்சியர், மருத்துவர், பொறியாளர், அமைச்சர், வட்டாட்சியர், இயக்குநர் என்று எதை எடுத்தாலும் முடிவில் ர். ஒருவரைப் பலராக்கி உயர்த்தியபோது, பலர்பாலின் பொதுத்தன்மையும் கூடவே வந்துவிட்டது. மரியாதைக்காகச் சேர்த்த எழுத்து, ஆண் பெண் வேறுபாட்டைத் தானாகவே கரைத்துவிட்டது.

தமிழ்நாடு காவல்துறையில் 1973-இல் பெண்கள் முதன்முதலாகச் சேர்ந்தபோது 'காவலர்' என்ற சொல் தயாராக இருந்தது. 1993-இல் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி அரசுப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தபோது, 'ஓட்டுநர்' என்ற சொல்லும் அவருக்காகவே காத்திருந்ததைப் போலப் பொருந்தியது. ஜெயலலிதாவை அவருடைய கட்சியினர் 'புரட்சித் தலைவி' என்று பெண்பாலில் புகழ்ந்தார்கள். அரசாணையில் அவர் 'முதலமைச்சர்' தான். பிரதிபா பாட்டீல் 2007-இல் நாட்டின் உயர்ந்த பதவிக்கு வந்தபோது, 'ராஷ்டிரபதி' என்பதில் உள்ள 'பதி' பெண்ணுக்குப் பொருந்துமா என்று இந்தியில் ஒரு வாதம் நடந்தது. தமிழ் நாளிதழ்கள் 'குடியரசுத் தலைவர்' என்று எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போயின.

இன்னும் வியப்பான சொல் 'செவிலியர்'. சங்க இலக்கியத்தில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். முழுக்க முழுக்கப் பெண்பாற் சொல். மருத்துவமனைக்கு வந்து ர் சேர்ந்ததும் அது ஆணுக்கும் உரியதாயிற்று. ஒரு பெண்ணின் பெயரால் ஆண்களும் அழைக்கப்படும் தொழில்கள் உலகில் அதிகமில்லை.

மரியாதை இறங்கினால்

இதோடு நிறுத்திக்கொண்டால் தமிழைப் பாராட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஆட்சியர் அலுவலக வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினால் காட்சி மாறுகிறது. அங்கே பூக்காரி இருக்கிறாள். தயிர்க்காரி, மீன்காரி, வேலைக்காரி இருக்கிறார்கள். பூ விற்பவர் ஆணென்றால் பூக்காரன். ர் இல்லாத இடத்தில் பால் பளிச்சென்று தெரிகிறது. மரியாதை ஏறும்போது பால் மறைகிறது, இறங்கும்போது வெளிப்படுகிறது. தமிழில் தொழில்களின் பெயர்கள் பலவற்றை இந்த ஒரு விதியைக் கொண்டு விளக்கிவிடலாம்.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று கேளுங்கள். சுவர் எழுப்புபவர் 'கொத்தனார்'. அவருக்கு 'ஆர்' விகுதி உண்டு. கலவையும் செங்கல்லும் சுமப்பவர் 'சித்தாள்'. சிறு ஆள் என்பதுதான் அதன் பொருள். சொல்லில் பெண் என்ற குறி எதுவும் இல்லை. ஆனாலும் சித்தாள் என்றவுடன் தலையில் சும்மாட்டோடு நிற்கும் ஒரு பெண்தான் நம் கண்முன் வருகிறாள். தருமபுரியிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகும் குடும்பங்களில் கணவன் கொத்தனாராகவும் மனைவி சித்தாளாகவும் ஒரே கட்டடத்தில் நிற்பதைப் பார்க்கலாம்.

மருத்துவர், மருத்துவச்சி என்ற இணை இதைவிடக் கூர்மையானது. 'ச்சி', 'த்தி' இரண்டும் பழைய பெண்பால் முடிவுகள். ஆய்ச்சி, வேட்டுவச்சி, உழத்தி, குறத்தி என்று அந்தக் குடும்பம் பெரியது. இலக்கணப்படி மருத்துவச்சி என்றால் பெண் மருத்துவர் என்றே பொருள் வர வேண்டும். வழக்கிலோ அது பிள்ளைப்பேறு பார்க்கும் பெண்ணைக் குறிக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஊரின் குழந்தைகளைக் கையில் ஏந்திய அறிவு அது. ஆனாலும் பட்டம் பெற்ற எந்தப் பெண் மருத்துவரும் அந்தச் சொல்லை ஏற்க மாட்டார். மயேஸ்த்ராவுக்கு இத்தாலியில் நேர்ந்தது மருத்துவச்சிக்குத் தமிழில் நேர்ந்திருக்கிறது.

ஆக, இரண்டு மொழிகளும் ஒரே வடுவைத்தான் சுமக்கின்றன. பெண்பால் வடிவம் இரண்டிலும் குறைந்த கூலி வேலைகளோடு ஒட்டிக்கொண்டது. மருந்துதான் எதிரெதிர். இத்தாலியப் பெண்கள் பலர் 'மினிஸ்த்ரா' என்று பெண்பாலைக் கேட்டுப் பெறப் போராடுகிறார்கள். தமிழில் பெண்கள் பெண்பாலைக் களைந்து ர் என்ற பொதுவிகுதிக்குள் நுழைந்தார்கள். 'கவிதாயினி' வேண்டாம், 'கவிஞர்' என்றே எழுதுங்கள் என்று நம் பெண் கவிஞர்கள் பலர் சொல்வதன் காரணம் இதுதான்.

எழுத்தில் மறைந்தது பேச்சில் தெரிகிறது

எழுத்துத் தமிழில் 'ஆட்சியர் வந்தார்' என்றால் ஆணா பெண்ணா என்று தெரியாது. பேச்சில் அப்படி ஒளிய முடியாது. 'கலெக்டர் வந்தாரு' என்றால் ஆண். 'கலெக்டர் வந்தாங்க' என்றால் பெரும்பாலும் பெண். எழுத்தில் இருபாலுக்கும் பொதுவான 'அவர்', பேச்சில் 'அவரு' என்று ஆகும்போது ஆணோடு நின்றுவிடுகிறது. பெண்ணுக்கு மரியாதை தர 'அவங்க' வேண்டும். பள்ளிக்கூடத்தில் 'சார்' என்றால் ஆண், 'டீச்சர்' என்றால் பெண். ஆங்கிலத்தில் பாலே இல்லாத 'டீச்சர்', நம் ஊருக்கு வந்து பெண்பாலாகிவிட்டது.

தருமபுரி மூன்று மொழிகள் சந்திக்கும் மண். தெலுங்கில் அவன் வந்தால் 'வச்சாடு'; அவள் வந்தாலும் அது வந்தாலும் 'வச்சிந்தி'. பெண்ணுக்கும் பொருளுக்கும் ஒரே வினைமுடிவு. மரியாதையோடு 'வச்சாரு' என்று சொன்னால் இருபாலும் ஒன்றாகிவிடும். கன்னடத்தில் அவன் 'பந்தனு', அவள் 'பந்தளு', மரியாதைக்கு 'பந்தரு'. மூன்று மொழிகளிலும் மரியாதையின் கதவைத் திறப்பது அதே ர்.

சரி, விகுதி பொதுவாக இருந்தால் மனமும் பொதுவாக நினைக்குமா? 2008-இல் பாஸ்கல் கிகாக்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்தார்கள். 'சமூகப் பணியாளர்கள் ரயில் நிலையத்தில் நடந்து போனார்கள்' என்பது போன்ற ஒரு வாக்கியத்தை முதலில் காட்டினார்கள். பிறகு அந்தக் கூட்டத்தில் சில பெண்கள் இருந்ததாகவோ ஆண்கள் இருந்ததாகவோ சொல்லும் இரண்டாவது வாக்கியம் வரும். இது முந்தையதோடு பொருந்துகிறதா என்று படித்தவர்கள் சொல்ல வேண்டும். தொழிலின் பெயரில் பாற்குறி இல்லாத ஆங்கிலத்தைப் படித்தவர்கள், அந்தத் தொழிலைப் பற்றித் தங்கள் மனத்தில் ஊறியிருந்த எண்ணத்தின்படி ஆணையோ பெண்ணையோ நினைத்துக்கொண்டார்கள். ஆண்பாற் பன்மையைப் பொதுவாக வழங்கும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எந்தத் தொழிலானாலும் மனம் ஆண்களின் பக்கமே சாய்ந்தது.

இந்த வகையில் நம் ர் ஆங்கிலத்தின் பக்கம் நிற்கிறது. விகுதி பாலைச் சொல்லாதபோது அந்த வெற்றிடத்தைப் பழக்கம் நிரப்பிவிடுகிறது. அதனால்தான் 'பெண் ஓட்டுநர்', 'பெண் காவலர்' என்று முன்னால் ஒரு சொல்லை ஒட்டுகிறோம். 'ஆண் ஓட்டுநர்' என்று யாரும் எழுதுவதில்லை. அதே நாம் 'ஆண் செவிலியர்' என்று எழுதுகிறோம். எந்த வேலையில் யாரை எதிர்பார்க்கவில்லையோ அவருக்கு முன்னால் ஓர் அடைமொழி வந்து நிற்கிறது. 'விவசாயி' என்ற சொல்லிலும் பால் இல்லை. பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டத்தில் நாற்று நட்டு, களை பறித்து, காய் பறிக்கும் கைகளில் பெரும்பகுதி பெண்களுடையவை. ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டதும் தலைப்பாகை கட்டிய ஓர் ஆணைத்தான் நாம் நினைக்கிறோம்.

சொல் இடம் கொடுத்தும் படிவம் கொடுக்காத கதை ஒன்றும் இந்த மாவட்டத்தோடு சேர்ந்தது. திருநங்கையான பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது, படிவத்தில் ஆண், பெண் என்று இரண்டே கட்டங்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2015-இல் அவருக்குச் சாதகமான தீர்ப்பு வந்தது. 2017-இல் அவர் தருமபுரி மாவட்டத்தில் உதவி ஆய்வாளராகப் பணியேற்றார். படிவம் அவரை ஏற்க நீதிமன்றம் தேவைப்பட்டது. 'ஆய்வாளர்' என்ற சொல் ஒரு வாதமும் இல்லாமல் முதல் நாளே ஏற்றுக்கொண்டது.

அம்மாவும் ஆரும்

மக்கள் வாயில் பிறந்த இன்னொரு வழியும் உண்டு. கலெக்டரம்மா, டாக்டரம்மா, வக்கீலம்மா. ஒரு காலத்தில் இந்த 'அம்மா' பதவியில் இருப்பவரின் மனைவியையும் குறித்தது. 'பிரசிடெண்டம்மா' என்றால் ஊராட்சித் தலைவரின் வீட்டம்மா. இத்தாலியனிலும் 'அம்பாஷியாத்ரிச்சே' என்ற சொல் தூதரின் மனைவிக்கும் வழங்கியிருக்கிறது. உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 2016-இல் வந்த பிறகு, பிரசிடெண்டம்மா என்றால் பிரசிடெண்ட்தான் என்று ஆகிவருகிறது. ஒரு சட்டம் ஒரு விகுதியின் பொருளைத் திருத்தி எழுதுவதை நம் காலத்திலேயே பார்க்கிறோம்.

கலெக்டர் என்ற சொல்லில் பதவி இருக்கிறது; அம்மாவில் பெண்ணும் மரியாதையும் சேர்ந்தே இருக்கின்றன. பெண் என்று சொன்னால் மரியாதை குறையும், மரியாதை தந்தால் பெண் மறைந்துபோவாள் என்ற சிக்கலை இந்த நாட்டுப்புறச் சொல் அலட்டிக்கொள்ளாமல் அவிழ்த்துவிட்டது.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அங்கே ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் அவையில் ஒரு பெண் இருந்தார். அரசனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனார். சங்கப் பெண்பாற் புலவர்களில் மிகுதியாக, 59 பாடல்கள் அவர் பெயரில் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவர் பெயரைப் பிரித்துப் பாருங்கள். அவ்வை என்றால் தாய், மூத்தவள். இந்த மாவட்டத்தில் கன்னடம் பேசும் வீட்டில் அம்மாவும், தெலுங்கு பேசும் வீட்டில் பாட்டியும் இன்றும் 'அவ்வ' தான். அதோடு மரியாதையின் 'ஆர்' சேர்ந்தது. அவ்வை, ஆர்: அவ்வையார். அதே காலத்துக் காக்கைபாடினியார் பெயரில் 'பாடினி' என்ற பெண்பாற் பெயரின் மேலேயே 'ஆர்' ஏறி நிற்கிறது. பாடுபவள் என்பதும் மறையவில்லை, பெருமையும் குறையவில்லை.

அந்த 'ஆர்' கேட்ட விலையும் உண்டு. சங்கப் புலவர்களுள் பெண்கள் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்கள் ஒரே எண்ணைச் சொல்வதில்லை. பெயரின் இறுதியில் வரும் 'ஆர்' பாலைக் காட்டாததும் அதற்கு ஒரு காரணம். மரியாதைக்குள் கரைந்துபோன பெண்களும் அந்தப் பட்டியலில் இருக்கலாம். அவ்வையாரைப் பற்றி மட்டும் யாருக்கும் ஐயமில்லை. அவர் பெயரிலேயே தாய் இருக்கிறாள்.

மனு எழுதுபவரிடம் திரும்புவோம். 'அம்மா' என்று எழுதி முடித்துவிட்டு, மனு கொடுக்க வந்த பெண்ணிடம் அவர் விவரம் கேட்கிறார். பெயருக்குப் பக்கத்தில் 'க/பெ' என்று போட்டுக் கணவர் பெயரைச் சேர்க்கிறார். தொழில் என்ன என்று கேட்கிறார். முப்பது வருடமாகக் கேழ்வரகும் தக்காளியும் விளைவித்த அந்தப் பெண், "வேலை எதுவும் இல்லீங்க, வீட்லதான்" என்கிறார். அவருடைய பெயருக்கு மேலே, தாளின் தலையில், 'அனுப்புநர்' என்ற சொல் இருக்கிறது. ஆட்சியருக்கு மேலே இருக்கும் 'பெறுநர்' எப்படி முடிகிறதோ அப்படியேதான் அதுவும் முடிகிறது. மொழி இருவருக்கும் ஒரே மரியாதையைக் கொடுத்துவிட்டது. எழுதுபவர் பேனாவை எடுத்து, தொழில் என்ற இடத்தில் 'விவசாயி' என்று எழுத வேண்டியதுதான் பாக்கி.